பொருள்: 'சாக்கிங்' தமிழில் எப்படி?

அன்பர்களே,
பெயிண்ட் பூசுவோருக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். நாளை மறுநாள் கொடுத்தாக வேண்டும். 'சாக்கிங்' இடிக்கிறது. புறஊதாக் கதிர் பட்டுப் பூச்சின் மேற்பரப்பில் உள்ள பிசின் சிதைய, பிடிப்பு விட்ட நிறமி மாவாக நிற்கும். தடவினால் கையில் ஒட்டும். 'சுண்ணாம்பாதல்' என்று எழுதினேன், ஆனால் இதில் சுண்ணாம்பே இல்லையே?
– ச.

> இதில் சுண்ணாம்பே இல்லையே
சுண்ணம் என்றாலே பொடிதான், திருவாசகத்தில் இடிக்கும் பொற்சுண்ணம் நினைவில்லையா? ஆனால் அது வடமொழிச் சூர்ணத்தோடு உறவாடும் சொல். நம்மிடம் 'நீறு' இருக்கிறது. சாம்பல், புழுதி, நீற்றிய சுண்ணாம்பு மூன்றும் நீறே. 'நீறு பூத்த நெருப்பு' என்கிறோம். ஆகவே 'நீறுபூத்தல்'.
– ம.

ஐயா, சொல் அழகுதான். ஆனால் நீறு என்றதும் எதுவோ எரிந்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார், இல்லையென்றால் நெற்றியைத் தொடுவார். நான் பூச்சு ஆய்வகத்தில் இருக்கிறேன். எபாக்சி பூச்சு வெயிலில் சில மாதங்களிலேயே இப்படி ஆகிவிடும். அதனால்தான் மேலே பாலியூரித்தேன் பூசுகிறோம். வெள்ளை நிறமியான டைட்டானியம் டைஆக்சைடும், அனடேஸ் வகையாக இருந்தால், ஒளியை வாங்கிப் பிசினைத் தானே தின்னும். ரூட்டைல் வகை அவ்வளவு மோசமில்லை. இதில் நெருப்பு எங்கே? 'பொடிபூத்தல்' போதும்.
– வ.

'பூத்தல்' குழப்பும். சுவரில் உப்புப் பூப்பது வேறு: ஈரத்தோடு உள்ளிருந்து வந்து படிவது. இது பூச்சே உதிர்வது. 'பொடியுதிர்வு' என்றால் என்ன?
– ர.

இருக்கட்டும், வெயில் மழை பட்டுப் பொருள் சிதைவதைச் சொல்லும் 'வெதரிங்'குக்கு என்ன சொல்? 'வானிலைச் சிதைவு' என்றால் வானிலையே சிதைந்த மாதிரி இருக்கிறது. 'வெயில் காய்தல்' பாருங்கள். குறளில் காயும் வெயில் எலும்பில்லாத புழுவைக் கொல்கிறது. நாமோ குளிருக்கு இதமாகக் காய்கிறோம். இந்தப் பொருள்மாற்றம் எப்போது நேர்ந்தது?
– ம.

ஐயா, அதைத் தனி இழையில் பேசலாமே.
– வ.

நன்றி. 'பொடிபூத்தல்' மூன்று பேருக்குச் சம்மதம், ர. உட்பட, அரைமனதாக. முதல் இடத்தில் மட்டும் 'சாக்கிங்' என்பதையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். அப்புறம், அடுத்த அத்தியாயத்தில் 'செக்கிங்' வருகிறது, மேலோட்டமான நுண்பிளவு. அடிவரை போகும் 'கிராக்கிங்'குக்கு 'வெடிப்பு' கொடுத்தாயிற்று. இதற்கு?
– ச.

> 'பொடிபூத்தல்' மூன்று பேருக்குச் சம்மதம்
என் மறுப்பைப் பதிவு செய்க. செக்கிங்குக்கு இரவு எழுதுகிறேன். 'விரிசல்' என்று மட்டும் யாரும் அவசரப்பட வேண்டாம்.
– ம.