விக்டோரினாக்ஸ் 91 மி.மீ. மடக்குக் கத்தி (சுவிஸ் ஆர்மி): ஈட்டி மரப் பிடி ஒரு முனையில் தூக்குகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. பழைய சிவப்பு பிளாஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஈட்டி மரத்தில் பிடி போட்டிருக்கிறேன். ஒட்டி மூன்று வாரத்தில், கீ ரிங் இருக்கும் முனையில் மட்டும் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிவிட்டது. மறுமுனை கல் மாதிரி நிற்கிறது.

செய்த முறை: மரத்துண்டு 3 மி.மீ. தடிமன். பிடி உட்காரும் அலுமினியத் தகட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ரிவெட் தலைகளை வெர்னியரில் அளந்து, அதைவிட 0.2 மி.மீ. பெரிய துளை, மறுபக்கம் வராமல். உள்பக்கம் 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அசிட்டோன் துடைப்பு, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி, ஒரு இரவு கிளாம்ப். பசை உள்ளே இறங்கி பிளேடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மூட்டுகளில் வாசலைன். (கம்பெனிப் பிடிக்குப் பசையே கிடையாது, ரிவெட் தலையில் அழுத்தி மாட்டுவதுதான். மரத்தில் அந்தப் பிடிமானம் வராது.)

என் சந்தேகம் மூன்று. வாசலைன் அலுமினியத் தகட்டுக்குப் பரவியதா? கிளாம்பை அதிகம் முறுக்கியதில் பசை முழுக்கப் பிதுங்கிவிட்டதா? அல்லது வடிவம் தேய்த்தபோது பெல்ட் சாண்டர் சூட்டில் பசை இளகியதா? தூக்கிய முனையில்தான் அதிகம் தேய்த்தேன், அதனால் எனக்கு மூன்றாவதன் மேல்தான் கண்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: முழுவதும் கழற்றாமல், அந்த இடுக்கில் மெல்லிய எபாக்ஸி விட்டால் நிற்குமா? இல்லை, சூடு காட்டி எடுத்து, தகட்டையும் சுரண்டி, முதலிலிருந்து ஒட்டுவதுதான் வழியா? சூப்பர் குளூ வேண்டாம், கீழே விழுந்தால் விட்டுவிடும்.