ஏஏசி சுவரில் 7.6 கிலோ ஸ்பீக்கர் நிற்குமா?

கோயம்புத்தூரில் சொந்த அடுக்குமாடி வீடு. கூடத்தில் 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அமைக்கிறேன். பின்பக்கச் சரவுண்டுக்குக் கையிலிருக்கும் கெஃப் க்யூ350 ஸ்பீக்கர் ஜோடியையே மாட்ட ஆசை. ஒன்று 7.6 கிலோ. முதுகில் ஆணி மாட்டத் துளை கிடையாது, காற்றுத் துளைதான் உண்டு; அதனால் பக்கவாட்டில் கவ்விப் பிடிக்கும் பிராக்கெட் வாங்கினேன். தாங்குதிறன் 15 கிலோ என்று போட்டிருக்கிறது. பிராக்கெட்டில் குறையில்லை, சுவர்தான் பிரச்சினை: 4 அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்), மேலே மெல்லிய பூச்சு.

மூன்று வாரத்துக்கு முன் 8 மி.மீ. நைலான் பிளக் வைத்தோம். எலக்ட்ரீஷியன் ஹேமர் டிரில்லால் குடைந்ததில் துளை அகன்றுவிட்டது; இரண்டாம் நாளே பிளக் மாவோடு வெளியே வந்தது. நல்லவேளை, ஸ்பீக்கர் சோபாவில் விழுந்தது. பிறகு ஹேமரை நிறுத்திவிட்டு 10 மி.மீ. பிளக்கும் வெள்ளை சிமென்டும். பத்து நாளில் அதுவும் ஆடுகிறது. தரையில் ஸ்டாண்டு வைக்க வழியில்லை; இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. ஊடுருவித் துளைத்து, பின்னால் இரும்புத் தகடு வைத்து போல்ட் போடுவதா, துளையில் ரசாயனப் பசை நிரப்பிப் பதிக்கும் கெமிக்கல் ஆங்கரே போதுமா? இதே சுவரில் செய்து பார்த்தவர்கள் எதைச் சொல்வீர்கள்?