டாவிஸ்டாக் சதுக்கத்துக் காந்தி சிலை

கேள்வி:
இலண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் 2015இல் நிறுவப்பட்ட காந்தி நின்றிருக்க, டாவிஸ்டாக் சதுக்கத்தில் அவர் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். இந்த இடத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? பீடத்தில் குடைவு ஏன்?

மறுமொழி 1:
1888இல் சட்டம் பயிலச் சென்ற காந்தி படித்த யுனிவர்சிட்டி காலேஜ் அங்கிருந்து நடைதொலைவுதான். ஃப்ரெடா பிரில்லியன்ட் வடித்த இவ்வெண்கலச் சிலையை 1968இல் பிரதமர் ஹரால்ட் வில்சன் திறந்துவைத்தார்.

மறுமொழி 2:
குடைவு, வருவோர் மலர் வைப்பதற்கானது. தலை கவிழ்ந்து, தோளில் துணி மட்டும் போர்த்திய இக்கோலமே எனக்கு அவருக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

மறுமொழி 3:
சுற்றுப்புறத்தையும் பாருங்கள், ஐயா. ஹிரோஷிமாவில் மாண்டோர் நினைவாக 1967இல் நட்ட செர்ரி மரமும், மனச்சான்றின்படி போரிட மறுத்தோருக்காக 1994இல் வைத்த கல்லும் அதே பூங்காவில்தான் இருக்கின்றன.