குரூப் பாலிசி ஒரு கணினியிலும் வரவில்லை, எங்கே தவறு?

கேள்வி:
பத்து நிமிடம் யாரும் தொடாமல் இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். குரூப் பாலிசியில் (விண்டோஸ் டொமைனில் செட்டிங்குகளை மையமாக அனுப்பும் வசதி) ஒரு ஜிபிஓ, அதாவது செட்டிங் தொகுப்பு, உருவாக்கி, அதன் யூசர் பகுதியில் செட்டிங் போட்டு, பயனர்கள் இருக்கிற ஓயுவில் (டொமைனின் உட்பிரிவு) அதை லிங்க் செய்தேன். கணக்குப் பிரிவுக்கு மட்டும் போதும் என்பதால் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் (ஜிபிஓ யாருக்குப் பொருந்தும் என்ற பட்டியல்) இருந்த, எல்லோரையும் உள்ளடக்கும் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை எடுத்துவிட்டு, அவர்களுடைய குரூப்பைப் போட்டேன். இரண்டு நாளாகியும் ஒருவருக்கும் வரவில்லை. ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ் (பாலிசியை உடனே புதுப்பிக்கும் கட்டளை), ரீஸ்டார்ட் எல்லாம் செய்தாயிற்று, குரூப்பில் ஆட்களும் சரியாகத்தான் இருக்கிறார்கள், மற்ற பாலிசிகள் ஒழுங்காக வருகின்றன. உண்மையிலேயே புரியவில்லை.

பதில்:
ஃபோர்ஸ் கொடுத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சாதாரணமாகவே 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை தள்ளி, கணினி தானே பாலிசியைப் புதுப்பித்துக்கொள்ளும். இரண்டு நாள் என்றால் வேறு சிக்கல். அந்தப் பயனரின் லாகினிலேயே ஜிபிரிசல்ட் (எந்த பாலிசி வந்தது, எது வரவில்லை என்று காட்டும் கட்டளை) ஓட்டி, என்ன காட்டுகிறது என்று போடுங்கள்.

கேட்டவர்:
ஓட்டினேன். அப்ளை ஆகாதவற்றின் பட்டியலில் ஜிபிஓவின் பெயர்கூட இல்லை, நெளிவடைப்புக்குள் நீளமான ஜியுஐடி (அடையாள எண்) மட்டும்தான். அதன் கீழே 'நாட் அப்ளைடு, அன்நோன் ரீசன்'.

பதில்:
பெயர் தெரியவில்லை என்பதிலேயே விடை இருக்கிறது, அந்த ஜிபிஓவைப் படிக்கவே அனுமதி இல்லை. முன்பெல்லாம் யூசர் பாலிசியைப் பயனரின் அடையாளத்தில்தான் விண்டோஸ் எடுக்கும். 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு கணினியின் அடையாளத்தில் எடுக்கிறது, வழியில் யாரும் இடைமறித்து பாலிசியை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. நீங்கள் ஆதென்டிகேட்டட் யூசர்ஸை எடுத்தபோது கணினிகளும் சேர்ந்தே வெளியே போய்விட்டன, ஏனென்றால் டொமைனில் இருக்கிற கணினிக் கணக்குகளும் அதற்குள்தான் அடக்கம். ஜிபிஓவின் டெலிகேஷன் (அனுமதிகள்) டேபுக்குப் போய் டொமைன் கம்ப்யூட்டர்ஸ் குரூப்புக்கு ரீட் மட்டும் கொடுங்கள், அப்ளை வேண்டாம். ஃபில்டரிங்கில் உங்கள் குரூப் அப்படியே இருக்கட்டும்.

கேட்டவர்:
வந்துவிட்டது! மிக்க நன்றி. அப்புறம் இன்னொன்று, இதே ஆட்கள் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் நுழையும்போது மட்டும் ஐந்து நிமிடத்தில் பூட்ட வேண்டும். இரண்டாவது ஜிபிஓவை சர்வரின் ஓயுவில் லிங்க் செய்தால் போதுமா?

பதில்:
போதாது. யூசர் செட்டிங் பயனர் இருக்கும் ஓயுவைப் பார்த்துத்தான் வரும், சர்வர் எங்கே இருக்கிறது என்று பார்க்காது. அந்த இரண்டாவது ஜிபிஓவின் கம்ப்யூட்டர் பகுதியில் லூப்பேக்கை (சர்வரின் ஓயுவில் உள்ள யூசர் செட்டிங்கையும் எடுக்க வைக்கும் அமைப்பு) இயக்கி, மெர்ஜ் (இரண்டையும் சேர்ப்பது) வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் மோதினால் சர்வர் பக்கத்து ஐந்து நிமிடம்தான் ஜெயிக்கும், கடைசியில் அப்ளை ஆவது அதுதான். ரீப்ளேஸ் போட்டால் பயனர் ஓயுவிலிருந்து வருகிற எல்லா யூசர் பாலிசியும் அந்த சர்வரில் நின்றுவிடும், அது நிச்சயம் வேண்டும் என்றால் மட்டும் போடுங்கள். ஒன்றை மறக்காதீர்கள், இந்த ஜிபிஓவில் சர்வரின் கணினிக் கணக்குக்கு ரீட், அப்ளை இரண்டுமே வேண்டும், இல்லாவிட்டால் லூப்பேக்கே இயங்காது.