பாளையங்கோட்டை மேஜிக் வகுப்பு: போய்ப் பழகியவர்கள் சொல்லுங்கள்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். வருகிற ஞாயிறு சாயங்காலம் பாளையங்கோட்டையில் மூத்த மேடை மேஜிக்காரர் ஒருவர் வகுப்பு எடுக்கிறார். ஷோ இல்லை. தொழில் செய்கிறவர்களுக்குச் செய்து காட்டி, அப்புறம் சூட்சுமத்தையும் சொல்லித் தருவாராம். நான் அம்பாசமுத்திரம். கல்யாண வீடு, பள்ளி ஆண்டு விழா என்று ஆறு வருடமாகச் சீட்டும் கயிறும் காட்டுகிறேன். இப்படி ஒரு வகுப்புக்குப் போனதே இல்லை.

நான் கேட்க நினைப்பது சொம்புத் தண்ணீர் வித்தை. 1956இல் பிபிசியில் பெண்ணை ரம்பத்தால் அறுத்துக் காட்டி இங்கிலாந்தையே பதறவைத்த பி.சி. சர்க்கார், தன் ஷோ முழுக்க இடையிடையே செய்ததும் இதைத்தான். கவிழ்த்துக் காலி செய்த சொம்பில் மறுபடியும் தண்ணீர் வரும். சூட்சுமம் எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். சிக்கல் என் சொம்பில். மூன்றாவது தடவை சொட்டுச் சொட்டாக நின்றுவிடுகிறது. போன மாதம் முன்வரிசைப் பொடியன் ஒருவன், "ஏலே, உள்ள இன்னொரு சொம்பு இருக்குலே!" என்று கத்திவிட்டான்.

சொம்பைக் கையோடு கொண்டுபோய்க் காட்டலாமா, மரியாதைக் குறைவாக இருக்குமா? குறிப்பு எடுக்க விடுவார்களா? செல்போனில் படம் எடுப்பது வேண்டாம் என்று எனக்கே தோன்றுகிறது. வகுப்பு முடிய ராத்திரி ஒன்பது ஆகுமாம். சேரன்மகாதேவி வழியாக அம்பைக்குத் திரும்புகிறவர் யாராவது இருந்தால் பெட்ரோல் செலவில் பாதி என்னுடையது.