1913 ஓமன் கிளர்ச்சி: நிஸ்வாவைப் பிடித்த இமாமால் மஸ்கட்டைப் பிடிக்க முடியாமல் போனது ஏன்?

பழைய ஏடு (கேள்வி):
1913 மே மாதம் ஓமனின் உள்நாட்டு ஊரான தனூஃபில், மஸ்கட்டில் ஆளும் சுல்தானுக்கு எதிராக, சாலிம் பின் ராஷித் அல் கரூசியை இமாமாக (மார்க்கத் தலைவரும் ஆட்சித் தலைவருமாக) தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாதங்களுக்குள் நிஸ்வா, இஸ்கி, சமாயில் ஆகிய உள்நாட்டு ஊர்கள் எல்லாம் அவர் கைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் 1915 ஜனவரியில் மஸ்கட் வாசலில் அதே படை தோற்றுத் திரும்புகிறது. தோற்ற பிறகும் 1920இல் சுல்தான் தரப்பு இறங்கிவந்து இமாம் தரப்புடனான சீப் உடன்படிக்கைக்கு ஒப்புக்கொள்கிறது. இந்த மூன்றையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? ஓமன் குலங்கள் பிரிந்து நின்ற, ஜென்மப் பகையாளிகளான ஹினாவி, காஃபிரி அணிகள் ஒரே இமாமின் பின்னால் நின்றது எப்படி என்பதையும் யாராவது விளக்கினால் நல்லது.

பாலைத்திணை:
கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கிளர்ச்சியின் மூளை இமாம் அல்ல, அவருடைய ஆசிரியர் நூருத்தீன் அப்துல்லா அல் சாலிமி. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர், ஓமனில் வேரூன்றிய இஸ்லாமியப் பிரிவான இபாதியின் மார்க்கச் சட்டத்தில் அன்றைய ஓமனின் பெரிய அறிஞர். இபாதிகளிடம் இமாம் பதவி தந்தை வழியாக வருவதில்லை. அறிஞர்களும் குலத் தலைவர்களும் கூடித் தேர்ந்தெடுத்து பைஅத் (விசுவாச உறுதிமொழி) செய்ய வேண்டும். அதனால் 1871இல் இமாம் அஸ்ஸான் பின் கைஸ் கொல்லப்பட்ட பிறகு காலியாகக் கிடந்த அந்த இடத்தை நிரப்ப, குலத் தலைவர்களின் சம்மதம் அவருக்குத் தேவைப்பட்டது.

முதலில் வந்தவர் பனூ ரியாம் குலத்தின் தமீமா, அதாவது தலைமை ஷேக், ஹிம்யர் பின் நாசிர். தனூஃப் அவருடைய ஊர், ஜபல் அக்தர் மலை அவருடைய ஆதிக்கத்தில் இருந்தது. அவர் காஃபிரி அணி. ஹினாவி அணியின் தலைவர் ஈசா பின் சாலிஹ் அல் ஹார்தி சற்றுத் தாமதித்துத்தான் சேர்ந்தார். அவர் சேர்ந்த பிறகுதான் சமாயில் விழுந்தது. கரூசியை இரு தரப்பும் ஏற்றதற்குக் காரணம், அவர் எந்தப் பெரிய குலத்தின் தலைவரும் அல்ல. அவர் இமாமானதால் ஹிம்யரும் தாழவில்லை, ஈசாவும் தாழவில்லை. ஒருவருக்குக் கீழ் மற்றவர் என்று ஆகியிருந்தால் அந்தக் கூட்டணி ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது.

துறைமுகக் கணக்கு:
பணத்தையும் துப்பாக்கியையும் விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஸ்கட் ஒரு பெரிய ஆயுதச் சந்தை. அங்கிறங்கிய துப்பாக்கிகள் மக்ரான் கரை வழியாக ஆப்கானிஸ்தானுக்கும் இந்தியாவின் வடமேற்கு எல்லைக்கும் போயின. அதைத் தடுக்க பிரிட்டிஷார் நெருக்கியதால் 1912இல் சுல்தான் ஃபைஸல் பின் துர்கி ஆயுதக் கிடங்கு ஒன்றை அமைத்தார். வரும் துப்பாக்கி எல்லாம் அங்கே போக வேண்டும், அனுமதி இல்லாமல் வெளியே போகாது. இழந்த சுங்கத்துக்கு ஈடாக இந்திய அரசு சுல்தானுக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தது. உள்நாட்டுக் குலங்களுக்கு ஈடு எதுவும் இல்லை. துப்பாக்கியும் தோட்டாவும் எட்டாமல் போனதுதான் அவர்கள் கண்டது. சுல்தான் அந்நியரின் கைப்பிள்ளை ஆகிவிட்டார் என்ற அல் சாலிமியின் குற்றச்சாட்டு மலைக்கிராமங்கள் வரை எடுபட இது ஒன்றே போதுமாக இருந்தது.

மலைக்கணவாய்:
1915 தோல்வியைப் பற்றி. மஸ்கட்டையும் அதை அடுத்துள்ள துறைமுக ஊர் மத்ராவையும் தாக்க விடமாட்டோம் என்று பிரிட்டிஷார் 1895இலேயே குலத் தலைவர்களுக்கு எழுத்தில் எச்சரித்திருந்தார்கள். அந்த ஆண்டு மஸ்கட்டுக்குள் புகுந்தவர்கள் ஈசாவின் தந்தை சாலிஹ் பின் அலியின் தரப்பினர். ஆக, துறைமுகத்தைத் தொட்டால் யாருடன் மோத வேண்டியிருக்கும் என்பது ஈசாவுக்கு நன்றாகத் தெரியும்.

1913இலேயே பிரிட்டிஷாரின் இந்தியப் படைகள் வந்து ரூவி சமவெளியில், மத்ராவுக்குப் பின்புறம், பைத் அல் ஃபலஜ் கோட்டையைச் சுற்றி நிலைகொண்டன. உள்நாட்டிலிருந்து சமாயில் கணவாய் வழியாக வருபவர்கள் மஸ்கட்டுக்கோ மத்ராவுக்கோ போக இதைத் தாண்டியாக வேண்டும். 1915 ஜனவரி 10 இரவு சுமார் 3,000 பேர் தாக்கினார்கள். எதிரே சுமார் 700 இந்தியச் சிப்பாய்கள், 95ஆம் ரஸ்ஸல் காலாட்படையும் 102ஆம் கிரெனேடியரும். மேட்டில் காவல்நிலைகள் அமைத்துக் காத்திருந்த பயிற்சி பெற்ற படை அது. குலப்படைக்கோ பீரங்கி இல்லை, ஒரே கட்டளையில் நகரும் பழக்கம் இல்லை, சம்பளமும் இல்லை. ஆள் பலம் நான்கு மடங்கு இருந்தும் விடிந்த பிறகு பலத்த இழப்போடு பின்வாங்கினார்கள்.

ஆனால் திரும்பிப் பார்த்தால் சுல்தானின் நிலையும் அதே. அந்தக் கணவாயைத் தாண்டி உள்ளே போய் நிஸ்வாவை மீட்க அவரிடம் படை இல்லை. இந்திய அரசும் துறைமுகங்களைக் காக்குமே தவிர, மலைக்குள் படையெடுக்கத் தயாராக இல்லை. அதனால்தான் ஐந்து ஆண்டுகள் இழுபறி.

துறைமுகக் கணக்கு:
அந்த முடிச்சை அவிழ்த்தது பேரீச்சம்பழம். உள்நாட்டு விளைச்சல் விற்க வேண்டுமானால் கடற்கரைக்கு வந்தாக வேண்டும், அரிசியும் துணியும் அங்கிருந்துதான் மேலே போக வேண்டும். 1920இல் மஸ்கட்டின் பிரிட்டிஷ் பிரதிநிதி ரொனால்ட் விங்கேட் உள்நாட்டுச் சரக்கின் மீது கடும் தண்டனை வரி போட வைத்தார். அதே ஆண்டு இமாம் சாலிம் கொல்லப்பட்டார், முஹம்மத் பின் அப்துல்லா அல் கலீலி இமாமானார். செப்டம்பர் 25 அன்று சீபில் உடன்பாடு. சுல்தான் தரப்புக்கு நான்கு ஷரத்து, ஓமன் மக்களுக்கு நான்கு. உள்நாட்டுச் சரக்குக்கு 5 சதவீதத்துக்கு மேல் வரி கூடாது, போக்குவரத்துக்குத் தடை கூடாது, உள்விவகாரத்தில் சுல்தான் தலையிடக் கூடாது. குலங்கள் கடற்கரை ஊர்களைத் தாக்கக் கூடாது, வியாபாரிகளின் வழக்குகளை ஷரீஅத்படி தீர்க்க வேண்டும். மக்கள் சார்பில் கையெழுத்திட்டவர் ஈசா பின் சாலிஹ்.

பழைய ஏடு:
இப்போது கோவையாகப் புரிகிறது, மிக்க நன்றி. உடன்பாட்டுக்குப் பிறகு இந்தியப் படை என்ன ஆனது?

மலைக்கணவாய்:
அதன் இடத்தில் 1921இல் மஸ்கட் லெவி படை என்ற சிறு படை வந்தது. பெரும்பாலும் பலூச்சிகள். தங்கியது அதே பைத் அல் ஃபலஜில்தான்.