சிபிஆர் சித்திரக்கதைகளை ரீவியில் பார்க்கிற மாதிரி படங்களாக்குவது எப்படி?

கொக்குவில் குஞ்சு
வணக்கம். ரொறொன்ரோவில் இருக்கும் மாமா, தன்னுடைய பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை ஸ்கான் செய்து 41 கோப்புகளாக அனுப்பியிருக்கிறார். எல்லாம் அப்பப்பாவுக்காக. கண் ஒப்பரேசனுக்குப் பிறகு அவருக்குச் சின்ன எழுத்து பிடிபடுவதில்லை, லப்டொப் திரையும் காணாது. பென்டிரைவில் ஜேபெக் படம் போட்டுக் கொடுத்தால் வீட்டு ரீவி காட்டும்.

ஆனால் வந்தவை சிபிஆர், சிபிஸெட் என்று முடிகின்றன. பெயரின் கடைசியை ஸிப் என்று மாற்றினால் திறக்கும் என்று எங்கோ வாசித்து, 41ஐயும் மாற்றிவிட்டேன். பாதி திறந்தது. மீதி ‘செல்லாத கோப்பு’ என்கிறது. பழுதாக்கிவிட்டேனா? விண்டோஸ் 10.

சுன்னாகத்தான்
இணையத்தில் மாற்றித் தரும் தளங்கள் எத்தனையோ இருக்கே தம்பி. ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

நல்லூர் அக்கா
41 புத்தகத்தை ஏற்றி இறக்க அவருடைய டேட்டா தாங்குமா? தேவையும் இல்லை.

தம்பி, ஒன்றும் பழுதாகவில்லை. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. சிபிஸெட் என்பது ஸிப் பொதி, சிபிஆர் என்பது ரார் பொதி, அவ்வளவுதான். உள்ளே பக்கத்துக்கு ஒரு படம் அடுக்கியிருக்கும். ஆகவே நீங்கள் செய்யவேண்டியது மாற்றுவதல்ல, அவிழ்ப்பது. அவிழ்த்தால் படத்தின் தரம் ஒரு புள்ளியும் குறையாது.

விண்டோஸ் 10 தானாகவே ரார் பொதியைத் திறக்காது. 7-ஸிப் என்று பொதி அவிழ்க்கும் மென்பொருள் இருக்கிறது, இலவசம், அதைப் போடுங்கள். அது பெயரின் வாலைப் பார்ப்பதில்லை, கோப்பின் தலையைப் பார்க்கும், அதனால் திரும்பப் பெயர் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். 41ஐயும் தெரிவு செய்து வலது கிளிக், 7-ஸிப், அதில் நட்சத்திரக்குறி உள்ள ‘எக்ஸ்ட்ராக்ட் டு’. ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி ஃபோல்டர் உண்டாகும். குறி இல்லாத ‘எக்ஸ்ட்ராக்ட் ஹியர்’ஐ அழுத்திவிடாதீர்கள். 41 புத்தகத்தின் பக்கங்களும் ஒரே குவியலாகக் கொட்டும், பிறகு அழவேண்டியதுதான். (நான் அழுதிருக்கிறேன்.)

பழைய பேப்பர்
அக்கா சொன்ன தலையை நீங்களே பார்க்கலாம். கோப்பை நோட்பேடில் திறந்தால் குப்பை மாதிரி எழுத்துகள் வரும். ஆனால் முதல் இரண்டு எழுத்தும் பி, கே என்று இருந்தால் அது ஸிப். ரார் என்று ஆங்கில எழுத்தில், பக்கத்தில் ஆச்சரியக்குறியோடு நின்றால் ரார். அந்த பி, கே, ஸிப்பை உருவாக்கிய ஃபில் காட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள். 1989இல் இருந்து ஒவ்வொரு ஸிப்பிலும் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பார்த்துவிட்டு சேமிக்காமல் மூடுங்கள், சேமித்தால் கோப்பு போச்சு.

கொக்குவில் குஞ்சு
அக்கா, அவிழ்ந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் மூன்று தொல்லை.

சில ஃபோல்டரில் எல்லாம் வெப்பி (WebP) என்ற வேறு வகைப் படங்கள். ரீவி தொடக்கூட மாட்டேன் என்கிறது. ஜேபெக் ஆக இருப்பவற்றிலும் ஒரு புத்தகம் மட்டும் வெறும் கறுப்பு. அப்புறம், வரிசை. 1க்குப் பிறகு 10, 11, 12 என்று ஓடி, 19க்குப் பிறகுதான் 2 வருகிறது. அப்பப்பா வில்லன் செத்த பிறகு அவனை அறிமுகம் செய்கிறார்கள் என்று கத்துகிறார்.

‘காமிக்இன்ஃபோ’ என்று ஒரு எக்ஸ்எம்எல் கோப்பும் கிடக்கிறது. வைரஸோ?

நல்லூர் அக்கா
வைரஸ் இல்லை, புத்தகத்தின் பெயர், இதழ் எண் எழுதிய சீட்டு. பென்டிரைவில் போடவேண்டாம்.

வெப்பியை உண்மையிலேயே மாற்றத்தான் வேண்டும், பெயரை மாற்றி ஏமாற்ற முடியாது. எக்ஸ்என் கன்வர்ட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, வீட்டுப் பாவனைக்கு இலவசம். ஃபோல்டரை அதற்குள் இழுத்துப் போட்டு, வெளியீடு ஜேபெக், தரம் 90 என்று கொடுங்கள். 90க்குக் கீழே போனால் எழுத்தின் ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரி வரும். சித்திரக்கதையில் அது உடனே கண்ணில் குத்தும்.

கறுப்புப் புத்தகம்: அது ‘புரோகிரஸிவ்’ ஜேபெக் ஆக இருக்கலாம். மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளிகிற வகை. இணையத்துக்கு நல்லது, ஆனால் பல ரீவிகள் அதைப் பெரிய அளவில் காட்டாது. அதையும் எக்ஸ்என் கன்வர்ட்டில் போட்டு, ஜேபெக் அமைப்பில் புரோகிரஸிவ் என்ற சரியடையாளத்தை எடுத்துவிட்டு மறுபடி சேமியுங்கள்.

பழைய பேப்பர்
வரிசைக்கு மென்பொருள் எதற்கு? விண்டோஸ் எண்ணை எண்ணாகப் பார்க்கும், உங்கள் ரீவி எழுத்தாகப் பார்க்கிறது. 1 முதல் 9 வரையுள்ள பக்கங்களுக்கு முன்னால் ஒரு பூச்சியம் போடுங்கள், 01, 02 என்று. ஒரு புத்தகத்துக்கு ஒன்பது கோப்புதானே, கையாலேயே முடியும். பக்கங்கள் நூறை எட்டினால் மட்டும் மூன்று இலக்கம்.

கொக்குவில் குஞ்சு
நேற்று இரவு கரண்ட் போய் வந்தும் ஒருவழியாக முடித்தேன். கறுப்புப் புத்தகம் புரோகிரஸிவ்தான் அக்கா, அடையாளத்தை எடுத்ததும் வந்துவிட்டது. அப்பப்பா ரிமோட்டைத் தருகிறார் இல்லை.

இன்று காலை ஒரு புதுப் பிரச்சினை. “23ஆம் பக்கம் எங்கேயடா?” என்றார். பார்த்தால் 22, பிறகு 24. அவிழ்க்கும்போது 7-ஸிப் ‘சிஆர்சி’ என்று ஏதோ சிவப்பில் சொன்னது. கவனிக்காமல் மூடிவிட்டேன்.

நல்லூர் அக்கா
சிஆர்சி என்பது கோப்பு பழுதாகாமல் வந்ததா என்று பார்க்கும் சோதனை. அந்தப் பொதி இறங்கும்போது ஒரு துண்டு பழுதாகியிருக்கலாம். 7-ஸிப்பைக் குறை சொல்ல முடியாது. மறுபடி இறக்கிப் பாருங்கள். அப்போதும் அதே பிழை என்றால் மாமாவிடம் உள்ள கோப்பே பழுது, அந்தப் பக்கத்தைத் தனியாகக் கேளுங்கள்.

கொக்குவில் குஞ்சு
மறுபடி இறக்கியும் அதே பிழை. மாமா பக்கத்தைத் திரும்ப ஸ்கான் செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். போட்டோவாக அனுப்பியதால் சுருங்கி, வசனப் பெட்டி எல்லாம் கஞ்சி. டொக்கியுமென்டாக அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறேன். இங்கே காலை பத்து மணி, அங்கே நடுச்சாமம். அப்பப்பா 22ஆம் பக்கத்திலேயே நிறுத்திவைத்துக்கொண்டு இருக்கிறார்.